வெள்ளிக் காசில் பேரரசர் முகம்

நேயர்களுக்கு வணக்கம். கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைகளே மிகுதி. இரண்டும் இன்று பிரான்சில் லியோன் எனப்படும் லுக்துனம் நகர அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. தெனாரியஸ் என்று பெயர்.

முதல் வகை, ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்டது. முன்பக்கம் இலைமாலை சூடிய அவர் தலை. பின்பக்கம் டோகா என்ற ரோமானிய மேலாடை உடுத்திய இருவர், நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். அந்த இருவரும் கயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள்வழிப் பேரர்கள், அவரே மகன்களாகத் தத்தெடுத்தவர்கள். மேலே சிறு அகப்பையும் வளைந்த கோலும் இருக்கும். அகப்பை பூசாரியான கயஸுக்கு, கோல் நிமித்தம் பார்க்கும் லூசியஸுக்கு. ‘எனக்குப் பின் இவர்கள்’ என்று பேரரசு முழுக்க அறிவித்த காசு இது. ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் கயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். முன்பக்க எழுத்தில் ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம் வருகிறது. அது அகஸ்டஸுக்குக் கிடைத்தது கி.மு. 2இல், ஆகவே காசு அதற்கு முந்தியதல்ல. ஒரு பட்டமே காலத்தைச் சொல்லிவிடுகிறது, பாருங்கள்!

அடுத்தது, அகஸ்டஸுக்குப் பின் பேரரசரான திபேரியஸின் காசு. ‘தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்’ என்பது முன்பக்க எழுத்து. பின்பக்கம் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். அந்தப் பெண் திபேரியஸின் தாய் லிவியா என்று பலர் கொள்கிறார்கள். பெயர் பொறிக்கப்படாததால், அதை உறுதியாகச் சொல்லாமலிருப்பதே முறை.

அந்நாளில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசு; ஒன்று ஏறக்குறைய 3.9 கிராம். கி.பி. 64இல் பேரரசர் நீரோ அதை 96 ஆக்கி, வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் நம் புதையல்களில் அரிது. வணிகர்கள் பழைய காசையே விரும்பினார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவற்றைப் பார்த்து இந்தியாவில் செய்த போலிகளும் உண்டு. லத்தீன் எழுத்து வெறும் கோடுகளாகச் சிதைந்திருந்தால் ஐயப்படுங்கள். செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய காசானால் எடை குறையும், தேய்ந்த இடத்தில் செம்பு தெரியும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடினால் அது அச்சில் அடித்த காசல்ல.

புளியோ பல்பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள், பொறிப்பு மழுங்கிவிடும். நெடுநாள் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், கீழே விழுந்தாலே உடையலாம். விளிம்பைப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நிலத்தில் புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு சேர்ந்து கிடந்தது என்பதையும் அப்போதே எழுதிக் கொடுங்கள். வணக்கம்.