கிளட்ச் பெடல் இல்லேன்னா கிளட்சே இல்லையா?

வணக்கம் நேயர்களே. ஆட்டோமேட்டிக் கார் வாங்குறவங்க நிறைய பேரு கிளட்ச் பெடல் இல்லாததால உள்ள கிளட்சே கிடையாதுன்னு நெனச்சுக்குறாங்க. அது எந்த ஆட்டோமேட்டிக்ங்கறதப் பொறுத்துங்க.

2014ல மாருதி செலேரியோ வந்துச்சே, அதுக்கப்புறம்தான் நம்ம நாட்டுல சின்ன கார்லயும் ஏஎம்டி, அதாவது ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன், பரவுச்சு. அதுல இருக்குறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் பிளேட்டும் அப்படியே இருக்கு, நம்ம காலும் கையும் செஞ்ச வேலைய மட்டும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் எடுத்துக்குச்சு. நீங்க ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிக்கிறீங்க, வண்டி என்ன ஸ்பீடுல போகுது, இன்ஜின் எவ்வளவு சுத்துது, பிரேக்ல கால் இருக்கா, இதையெல்லாம் சென்சார் சொல்லிக்கிட்டே இருக்கும், அத வச்சு அது முடிவு பண்ணி கரண்டுல இயங்குற சோலினாய்டு வால்வத் திறக்கும், ஆயில் பிரஷர் போய் கிளட்ச அமுக்கும், கியர மாத்தும். சில வண்டியில டிரைவர் பக்கக் கதவத் திறந்ததுமே உய்ங்னு ஒரு சத்தம் வரும், பயந்துடாதீங்க, பம்பு பிரஷர் ஏத்துது அவ்வளவுதான்.

கியர் மாறும்போது ஒரு செகண்டு இன்ஜின் இழுவையக் கொறச்சாகணும், அதான் தல முன்னாடி ஆடுது. அந்த நேரத்துல ஆக்சிலேட்டர லேசா விட்டுக் குடுத்தா ஆட்டம் கொறையும்.

டார்க் கன்வெர்ட்டர்னு இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் இருக்கு, அது வேற ஜாதி. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஆயில்தான் சுத்தி இழுவையக் கடத்துது, ஒரு ஃபேன் காத்துல எதிர் ஃபேன் சுத்துற மாதிரி. கியர்பாக்ஸ் உள்ள பிளானட்டரி கியர் (ஒரு நடு கியரச் சுத்தி சின்ன கியருங்க சுத்துற அமைப்பு), அதோட கிளட்ச் பேக், அதாவது அடுக்கடுக்கா கிளட்ச் பிளேட்டு, இதுலயும் இருக்கு. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ங்கற அமெரிக்க கார்ல ஹைட்ராமேட்டிக்ங்கற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தப்போ கியர எப்ப மாத்தணும்னு ஆயில் பிரஷரே முடிவு பண்ணுச்சு, எலக்ட்ரானிக்ஸ்லாம் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். இப்போ சென்சார் ஏதாவது பழுதானா வண்டி தானா ஒரே கியர்ல நின்னுக்கும், கியர்பாக்ஸ் உடையாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு, மெதுவா ஓட்டி ஒர்க்‌ஷாப் போயிடலாம்.

சரி, நான் முக்கியமா சொல்ல வந்தது ஏஎம்டி காரங்களுக்கு. கத்திப்பாரா பாலத்து ஏத்தத்துல டிராஃபிக் நிக்குதுன்னு வைங்க, பிரேக் போடாம ஆக்சிலேட்டர லேசா மிதிச்சே வண்டியப் பிடிச்சு நிறுத்துறாங்க பாருங்க, உள்ள கிளட்ச் பாதி மட்டும் பிடிச்சு (ஹாஃப் கிளட்ச்) பிளேட் தேஞ்சுக்கிட்டே இருக்கும், கொஞ்ச நேரத்துல கருகுன வாசனை வரும். பிரேக்க மிதிச்சே நில்லுங்க, ரொம்ப நேரம் நிக்கணும்னா நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துடுங்க.