கோமாரி வராத பண்ணைக்கும் ஏன் பூட்டு?

[காட்சி: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் ஒரு குளிர்காலக் காலை. புல்வெளி வெளுத்துக் கிடக்கிறது. ஏலக் களத்தின் இரும்பு வாசலில் சங்கிலி.]

வணக்கம். அக்கம்பக்கத்தில் கோமாரி கண்டால் வட்டாரம் முழுவதும் மாடு விற்கத் தடை. இங்கே மாடு வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "என் மாட்டுக்கு ஒன்றுமில்லையே, பிறகு ஏன் நான் விற்கக் கூடாது?" நியாயமான கேள்வி.

கோமாரி கண்ட மாட்டுக்கு நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கிளம்பி உடையும். எச்சில் ஒழுக நிற்கும், தீனி எடுக்காது, பால் வற்றும். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கொப்புளம் கண்ணில் படுவதற்கு முன்பே அது கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுவதால், ஏலத்தில் கொழுகொழுவென்று நிற்கும் ஒரே மாடு மாலைக்குள் பல லாரிகளுக்கு நோயை ஏற்றிவிட முடியும். அதனால்தான் சட்டம் மாட்டை விட்டுவிட்டு வட்டாரத்தையே அடைக்கிறது. ஆடும் பன்றியும் குளம்பு பிளந்தவைதான் என்பதால், ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட கிடாவும் இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தப்புவதில்லை.

[காட்சி: உண்ணி மருந்தில் மாடுகளை முக்கியெடுக்கும் டிப் தொட்டி அருகே வரிசையாக மாடுகள்.]

கால்நடை அலுவலர் மாட்டின் மூக்கை இறுகப் பிடித்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்து, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பிறகு எடுக்கும் இரத்த மாதிரி பிரிட்டோரியாவுக்கு வடக்கே உள்ள ஓண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே தேடுவது ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளை. கிருமி புகுந்த சில நாட்களுக்குள் ஆன்டிபாடி உருவாகியிருக்காது. ஆகவே ஒரு முறை 'இல்லை' என்று வந்த முடிவை நம்பி வாசலைத் திறந்துவிட முடியாது. தடுப்பூசி போட்ட மாட்டிலும் ஆன்டிபாடி இருக்கும் என்பது அடுத்த சிக்கல். கிருமி உடலுக்குள் பெருகும்போது உண்டாகும் புரதங்களை வைத்து, நோய் கண்ட மாட்டையும் தடுப்பூசி போட்ட மாட்டையும் பிரித்தறியும் சோதனை உண்டு. ஆனால் அது தனி மாட்டைவிட மந்தையைப் பற்றிச் சொல்லவே ஏற்றது. எனவே மந்தை முழுவதையும், இடைவெளி விட்டு, மறுபடியும் சோதிக்கிறார்கள்.

இந்த நாட்டில் நோயின் பழைய இருப்பிடம் குரூகர் தேசியப் பூங்காவின் காட்டெருமைகள். 2000ஆம் ஆண்டில் நம் மாகாணத்துக் கேம்பர்டவுனில் பரவியதோ வேறு வழியில்: டர்பன் துறைமுகக் கப்பல்களின் எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்டதில் வெளிநாட்டு வகைக் கிருமியே வந்து சேர்ந்தது. 2019 ஜனவரியில் வடக்கே லிம்போபோ மாகாணத்தில் நோய் கண்டபின், தடுப்பூசியின்றியே நோயற்ற பகுதி என்ற பன்னாட்டு அங்கீகாரம் நிறுத்திவைக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் நாடு முழுவதும் 21 நாட்களுக்கு மாடுகளின் நடமாட்டமே தடைசெய்யப்பட்டது.

அந்த அங்கீகாரம் போய் ஏற்றுமதி நின்றால் பெரிய நிறுவனங்களுக்குத்தானே நட்டம் என்று நினைக்கலாம். வெளிநாட்டுக்கு ஒரு கிலோ இறைச்சிகூட அனுப்பாத சிறு பண்ணைக்காரரின் கன்றையும் தீனி போட்டுக் கொழுக்கவைக்கும் ஃபீட்லாட்காரர்கள்தான் வாங்குகிறார்கள். அவர்கள் கை சுருங்கினால் ஏலவிலை இறங்கும். லோபோலாவுக்கும் (மணப்பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் மாட்டுச் சீர்) சாவுச் சடங்குக்கும் மாடு தேடி வரும் சூலு அண்டைவீட்டாருக்குக்கூட, அடைபட்ட பகுதியிலிருந்து உயிரோடு ஒரு மாட்டை ஓட்டிவிட முடியாது.

[காட்சி: எடை மேடையில் ஒரு கன்று.]

காத்திருக்கும் காலம் எது என்பதையும் பாருங்கள். பால் மறந்த கன்றைக் குளிருக்கு முன் விற்றுவிடுவது இங்குள்ள வழக்கம். இங்கே குளிர்காலமான ஜூன் தொடங்கிவிட்டால் மேட்டுநிலப் புல்லில் சத்து இருக்காது. மே மாதத்தில் வாசல் பூட்டினால், விற்றிருக்க வேண்டிய கன்று வாங்கிய வைக்கோலைத் தின்றுகொண்டே இளைக்கும். அரசு ஆணையால் கொல்லப்படும் மாட்டுக்கு இழப்பீடு கோரச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இளைத்த கன்றின் எடைக்கு யாரும் பணம் தருவதில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடுத்த வட்டாரத்தின் மந்தையைக் காப்பாற்ற நோயில்லாத பண்ணைக்காரர் கொடுக்கும் இந்த விலை எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அனுமதிச் சீட்டு வரும்போது வசந்தம் பிறந்திருக்கும். எடை மேடையின் முள் மட்டும் மே மாதத்தில் நின்ற இடத்துக்குக் கீழே நிற்கும்.