முதலில் மக்கள், அப்புறம்தான் நிதி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘பழைய நாடக அரங்குக்கு உயிர் கொடுப்பது அரசு நிதியா, மக்கள் முயற்சியா?’ மக்கள் முயற்சிதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலைக் காட்டினார். மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுச் சீரமைத்திருக்கிறதே, எந்த ஊர்க்கூட்டம் அவ்வளவு பணம் திரட்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வேலையை நான் குறை சொல்லமாட்டேன். சென்ட்ரல் பக்கம் போகும்போது அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்தாலே மனசு நிறைகிறது.

ஆனால் அம்மா, அது யார் பணத்தில் எழுந்தது? நகரத்து மக்கள் கூடி நன்கொடை திரட்டினார்கள். 1883இல் அடிக்கல் நாட்டினார்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டி கட்டி முடித்தார். சரி, சுவர் எழுந்துவிட்டது. அதை நாடக மேடை ஆக்கியது யார்? பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபா என்ற நாடகக் குழு. நாடகக்காரர்களைக் கூத்தாடி என்று ஊர் இளக்காரமாகப் பேசிய காலத்தில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அங்கே வேஷம் கட்டி ஏறினார்கள். சபா வேறு இடத்துக்குப் போனது. பின்னாளில் அந்த ஹால் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கட்டடம் அங்கேதான் இருந்தது, ஆடத்தான் ஆளில்லை.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து நாடக அரங்கையும் பாருங்கள். 1766இல் திறந்தது. ஐம்பது பேர் ஆளுக்கு 50 பவுண்டு கொடுத்தார்கள். கைம்மாறாக ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளி வில்லை. அதைக் காட்டினால் எல்லா நாடகத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். 1942இல், குண்டுவீச்சில் ஊரே சிதைந்து கிடந்த நேரத்தில், அரங்கு விலைக்கு வந்தது. வீடு இழந்தவர்கள் இருந்த ஊர் அது! ‘இப்போது நாடகமா முக்கியம்’ என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பணம் திரட்டி வாங்கினார்கள், அடுத்த வருஷமே மேடையில் விளக்கு எரிந்தது. அரங்கின் கூரைக்கு அடியில் மரத்தாலான ஒரு நீண்ட தடம் உண்டு. அதில் இரும்புக் குண்டை உருட்டினால் கீழே இருப்பவர்களின் தலைக்கு மேல் இடி முழங்கும். அந்தக் காலத்து ஒலி உத்தி. 2016இல் அதையும் பழுது பார்த்து மறுபடி ஓடவிட்டார்கள். அன்று கைமாறிப் போயிருந்தால் அந்த மரமெல்லாம் விறகாகியிருக்கும்.

அங்கேயும் அரசு உதவியதே என்பீர்கள். உதவியது, மறுக்கவில்லை. ஊர் வாங்கிய அரங்கை அரசின் கலை மன்றம் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. வரிசையைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே: ஊர் முந்தியது, அரசு பின்னால் வந்தது.

அதனால் தீர்ப்போடு சேர்த்து ஒரு கோரிக்கையையும் இந்த மேடையிலிருந்து அனுப்புங்கள். விக்டோரியா ஹாலில் வாரநாள் சாயங்காலங்களைக் கல்லூரி நாடகக் குழுக்களுக்கும் தெருக்கூத்துக் கலைஞர்களுக்கும் குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும். எந்த நாளில் யார் ஆடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் நாடகக்காரர்களும் உட்கார வேண்டும். நன்றி, வணக்கம்.