இலைமேல் அடுப்பு வைக்கலாமா? – பட்டிமன்றத்தில் பயணிகளைத் திட்டியவனின் பேச்சு

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். மாரியம்மன் பண்டிகைக்கு வந்து, மாவிளக்கு எடுத்து முடித்து, இன்னும் வீட்டுக்குப் போகாமல் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊத்துக்குளித் தாய்மார்களுக்குத் தனி வணக்கம். பேசக் கொடுத்திருப்பதே கொஞ்ச நேரம், அதில் பாதி சால்வை போர்த்தியதிலேயே போய்விட்டது.

"ரயிலில் தீப்பிடிக்கப் பெரிதும் காரணம் பயணிகளின் அலட்சியமா, நிர்வாகத்தின் மெத்தனமா?" பயணிகளின் அலட்சியமே என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். அதாவது, உங்கள் ஊர் மேடையில் நின்று, உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, உங்களையே திட்ட வேண்டும். என் நிலைமை எதிரிக்கும் வரக் கூடாதுங்க.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று கேட்டார், நீங்களும் விசிலடித்தீர்கள். "சார்ஜர் பாயிண்டை வைத்தது யாருங்க? ரயில்வேதானே? கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, இலையும் போட்டுவிட்டு, கையை வைக்காதே என்றால் எந்த ஊர் நியாயமுங்க?" இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் என் பெரியம்மா கதையைச் சொல்லியாக வேண்டும்.

பெரியம்மாவுக்கு கோபி பக்கம். மகளுக்குச் சென்னையில் பிரசவம். ஈரோட்டில் பகல் வண்டி ஏறினோம். ஒரு பையில் முறுக்கு, பருப்புப் பொடி, உங்கள் ஊத்துக்குளி வெண்ணெய். கைதட்டுவீர்கள் என்று தெரிந்துதான் சொன்னேன், தட்டுங்கள். இன்னொன்றைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். "என்னங் பெரியம்மா அது?" என்றேன்.

"கெட்டிலு கண்ணு. நம்மூட்டுக் காப்பித்தூள் இல்லீனா எனக்குத் தலைவலி வந்துரும்."

"அதை இங்கே மாட்டக் கூடாதுங்."

"ஏங்கண்ணு, ஓட்டை இருக்குதல்லோ?"

நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். எதிரணி அண்ணன் மூச்சுவிடாமல் பேசிய அத்தனையையும் என் பெரியம்மா ரெண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். ஓட்டை இருக்குதல்லோ!

ஜோலார்பேட்டையில் மாட்டினார். வாணியம்பாடி வந்தது, தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை. மூடியைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார், மறுபடியும் திறக்கிறார். "கரண்டுல தெம்பே இல்லீங் கண்ணு" என்கிறார். தெம்பு எப்படி இருக்கும்? வீட்டுக் கெட்டில் 230 வோல்ட்டுக்குச் செய்தது. பெட்டியில் அந்தப் பாயிண்டில் வருவது 110. வோல்ட் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். 1500 வாட் கெட்டில் அங்கே 350 வாட்கூடத் தராது. வீட்டில் ஐந்து நிமிடத்தில் கொதிக்கிற தண்ணீருக்கு அங்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் போனுக்கென்று வைத்த பாயிண்டும், பலகைக்குப் பின்னால் ஓடும் ஒயரும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பிளக் லூசாக ஆடினால் அந்த இடத்தில்தான் சூடு ஏறும், பொறி தெறிக்கும். பெரியம்மாவின் பிளக் ஆடத்தான் செய்தது. அதற்கு அவர் ஒரு வைத்தியம் செய்திருந்தார். முறுக்குச் சுற்றி வந்த காகிதத்தை மடித்து இடுக்கில் செருகியிருந்தார். எண்ணெய் ஊறின காகிதமுங்க!

ஆம்பூர் நெருங்கியது. ஒரு வாசம். "கண்ணு, ஆம்பூர் வருதாட்ட இருக்குது. பிரியாணி அடிப்புடிச்சிருச்சு" என்கிறார் பெரியம்மா. பக்கத்து சீட்டுக்காரர், "ஆமாங்கம்மா, இங்கே பிரியாணி பேமஸ்" என்கிறார். அதற்கும் பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "சீரகச் சம்பாங்க" என்று அரிசியையே கண்டுபிடித்துவிட்டார்! நான் குனிந்து பார்த்தால் பிளக் பழுப்பேறிப் புகைகிறது. வெடுக்கென்று பிடுங்கினேன்.

எங்கள் பக்கத்துப் பாயிண்டுகள் எல்லாம் செத்துவிட்டன. மெக்கானிக் வந்தார். "யாருங்க இங்கே கெட்டில் போட்டது?" பெட்டியே ஊமை. பெரியம்மா கெட்டிலை மடியில் கிடத்தி, முந்தானையைப் போர்த்தி, தட்டிக்கொடுத்துக்கொண்டே சொல்கிறார்: "சத்தம் போடாதீங்க சாமி, கொழந்த தூங்குது." மெக்கானிக் குனிந்து பார்த்தார். "கொழந்தைக்குக் காய்ச்சல் ஜாஸ்திங்களாம்மா? ஆவி பறக்குதே!"

சரி, இலைக்கு வருவோம். அண்ணே, இலை போட்டது சாப்பிடத்தான். போனை மாட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? இலைமேல் அடுப்பை வைத்துக் கடாய் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். ஒரு இலைக்கு ஒருவர் உட்கார வேண்டும். நீங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து ஒரே இலையில் ஆறு பேரை உட்கார வைக்கிறீர்கள். ராத்திரி 11 முதல் காலை 5 மணி வரை பாயிண்டுகளுக்குக் கரண்டை நிறுத்தினால், "பந்தியைப் பாதியில் எழுப்புகிறான்" என்று சண்டை. ஏன் நிறுத்துகிறார்கள்? போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டு நீங்கள் குறட்டை விடுவதால்தான். இந்த இலையை வைத்தே விடியும் வரை பேசுவேன், ஆனால் நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார்.

நிர்வாகம் மட்டும் யோக்கியமா என்பீர்கள். 2013 டிசம்பரில் பெங்களூர் – நாந்தேடு எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டி எரிந்து 26 பேர் போனதை எதிரணி அம்மணி சொன்னபோது இங்கே பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் மதுரைக்குப் போகிறேன்.

2023 ஆகஸ்ட் 26, விடிகாலை. லக்னோவிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்களின் சுற்றுலாப் பெட்டி மதுரை யார்டில் நின்றுகொண்டிருந்தது. ஓடக்கூட இல்லை. உள்ளே எரிவாயு சிலிண்டர். கொண்டுவரக் கூடாது, 1989 ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. கொண்டுவந்தார்கள். காப்பியோ டீயோ போடப் பற்றவைத்தார்கள். 9 பேர் போய்விட்டார்கள். மீனாட்சியைப் பார்க்க வந்தவர்கள் நமக்கு யாருங்க? ஒறம்பரை, நம் வீட்டு விருந்தாளி. நம் மண்ணுக்கு வந்த ஒறம்பரை ஒரு வாய் காப்பிக்காகச் செத்துப்போனார்கள். அதில் கரண்டு எங்கே வந்தது, அது சிலிண்டர்தானே என்று அண்ணன் அடுத்துக் கேட்பார். கேட்கட்டும். எனக்கு அந்தக் காப்பியும் என் பெரியம்மா காப்பியும் ஒன்றுதான்.

தீபாவளி நெருக்கத்தில் திருப்பூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் பையன், ஒடிசா பையன் ஊருக்குப் போகிறான். உட்காரக்கூட இடமில்லாமல் கழிவறைப் பக்கம் நிற்கிறான். பையில் அம்மாவுக்கு ஒரு சேலை, தம்பிக்குப் பட்டாசு. பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்று அவனுக்கு யார் சொன்னது? நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் பீடிக்குத் தீக்குச்சி உரசுகிறார். இரண்டு நாள் பயணத்துக்கு அப்புறம் வரப்போகிறவனுக்காக அங்கே ஒரு அம்மா சோறாக்கி வைத்திருப்பாள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அந்த அம்மாவிடம் போய், "ஒயரிங்கெல்லாம் சரியாகத்தான் இருந்ததுங்க" என்று சொல்லும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடாதீர்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பில் என்னைத் தோற்கடியுங்கள், சால்வையோடு பேசாமல் பஸ் ஏறிவிடுகிறேன். வணக்கம்.