எச்சரிக்கைதான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-இல் வெளிவந்த '1984' நாவல் இணையக் காலத்துக்கு எச்சரிக்கையா, பழங்கதையா? எச்சரிக்கைதான்.

2009 ஜூலை. அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவன் காசு கொடுத்து, அமேசானின் மின்நூல் கருவியான கிண்டிலில் ஒரு நாவல் வாங்கியிருக்கிறான். பள்ளி வேலைக்காகக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். ஒரு நாள் திறந்தால் புத்தகம் இல்லை! அமேசான் எங்கிருந்தோ அழித்துவிட்டது. விற்றவருக்கு உரிமை இல்லையாம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பவன் இலையை உருவிவிட்டு, "இந்தாங்க உங்க மொய்" என்று கையில் திணிப்பது போல! சரி, உருவிய இலை எது? சொல்லட்டுமா? நடுவர் ஐயா, நீங்களே சொல்லுங்கள்... '1984'! பழைய செய்திகளைத் திருத்தி எழுதி, அசலை எரிப்பதற்கென்றே ஒரு இலாகா வைத்திருக்கும் அரசாங்கத்தின் கதை! எனக்குக் கைதட்டாதீர்கள், அமேசானுக்குத் தட்டுங்கள். நானே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இப்படி ஒன்று கிடைத்திருக்காது. முட்டாள்தனம் என்று அமேசானின் அன்றைய தலைவர் ஜெஃப் பெசோஸே மன்னிப்புக் கேட்டார்.

எதிரணித் தங்கை, "அண்ணன் போனில் குறிப்பு வைத்துக்கொண்டு போனையே திட்டுகிறார்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். தங்கச்சி, உங்கள் யூட்யூப் சேனலுக்கு நான் ரசிகன். ஒரு பழைய கொலை வழக்கைச் சொன்னீர்களே! 'கொலை'க்கு ஒரு பீப். 'ரத்தம்' வந்தால் பீப். 'கத்தி'க்கும் பீப். யார் யாரை என்ன செய்தார் என்று என் வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. எந்த போலீஸ் வந்து மிரட்டியது? விளம்பரக் காசு நின்றுவிடுமோ என்ற பயம்! ஆர்வெல்லின் அரசாங்கமாவது சொற்களை வெட்டச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. நாம் எடிட்டருக்குக் கைக்காசைக் கொடுத்து வெட்டுகிறோம்!

மணி அடிக்காதீர்கள், ஒரே நிமிடம்.

பெய்ஜிங்கில் டிங் ஸிலின் என்று ஒரு பேராசிரியை. 1989-இல் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ஒடுக்கிய ராணுவ நடவடிக்கையில் 17 வயது மகனைப் பறிகொடுத்தவர். அந்த ஜூன் 4-ஐ சீன இணையத்தில் எழுதினால் அழித்துவிடுவார்கள். மக்கள் 'மே 35' என்று எழுதினார்கள். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அதற்கும் தடை. நினைவுநாள் வந்தால் வெய்போ என்ற சீன சமூக வலைத்தளத்தில் மெழுகுவத்திப் படத்தைக்கூட எடுத்துவிட்டார்கள்! பெற்ற பிள்ளையின் திதியை நாலு பேருக்குச் சொல்லி அழ வழியில்லை, ஐயா.

தங்கச்சி, நீங்களும் பிள்ளை பெற்றவர். அந்த அம்மாவிடம் போய் 'பழங்கதை' என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

இப்போது அடியுங்கள் மணியை. நன்றி, வணக்கம்.