நித்தியகல்யாணிக் குடுவையில் எந்த நொதி வழிமறிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

நித்தியகல்யாணிச் செடியைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். சுடுகாட்டுப் பூ என்று சொல்லி வீட்டில் வைக்காத ஊர்களும் உண்டு. மடகாஸ்கர்த் தீவிலிருந்து வந்த இந்தச் செடியிலிருந்துதான் 1958இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உறவான வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. ஆனால் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் செடியின் உயிரணுக்களைக் குடுவையில் வளர்த்து, இம்மருந்துகள் சேர்ந்த தாவர வேதிப்பொருள் வகையான ஆல்கலாய்டு எடுக்கும் முயற்சி பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

உயிரணுக்கள் நன்றாகவே வளர்கின்றன. ஆல்கலாய்டுதான் வருவதில்லை. காரணம் நொதிகளில் இருக்கிறது.

இந்த ஆல்கலாய்டுகள் இரண்டு கிளைகள் சேர்ந்து உண்டாகின்றன. ஒரு கிளையில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை டிடிசி நொதி டிரிப்டமைனாக மாற்றுகிறது. மறு கிளையில் ஜெரானியால் என்ற மணப்பொருளிலிருந்து படிப்படியாக லோகனின், அதிலிருந்து செக்கோலோகனின் வருகிறது. இரண்டையும் எஸ்டிஆர் என்ற நொதி இணைத்து, இந்த ஆல்கலாய்டுகளுக்கெல்லாம் தாய்ப்பொருளான ஸ்ட்ரிக்டோசிடினை உண்டாக்குகிறது. அது நடப்பது உயிரணுவுக்குள் இருக்கும் வெற்றிடப்பை (vacuole) என்ற நீர்ப்பையில். ஸ்ட்ரிக்டோசிடினிலிருந்து சர்க்கரையைக் கழற்றும் எஸ்ஜிடி நொதியோ உட்கருவில் உட்கார்ந்திருக்கிறது. பூச்சி கடித்து உயிரணு உடைந்தால் இரண்டும் கலந்து நச்சுப் பொருள் பிறக்கும். செடியின் தற்காப்பு அது. ஆய்வுக்கூடத்தில் இதே விஷயம் தொல்லையாகும். வடிகட்டிய உயிரணுக்களை மேசைமேல் விட்டுவைத்தால் ஸ்ட்ரிக்டோசிடின் அளவு மாறிப்போகும். வடித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும்.

இனி ஊடகத்துக்கு, அதாவது உயிரணுக்கள் வளரும் ஊட்டக் கரைசலுக்கு வருவோம். வளர்ப்பதற்கு எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, பி.எச். 5.8, 25 டிகிரி வெப்பம், நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றும் ஷேக்கர் போதும். வளர்ச்சிக்கு நாம் சேர்க்கும் 2,4-டி என்ற ஆக்சின் வகை வளர்ச்சி ஊக்கிதான் ஆல்கலாய்டுக்கு எதிரி. அது இருக்கும்வரை இந்தப் பாதையின் மரபணுக்கள் அடங்கியே கிடக்கும். பாஸ்பேட்டும் அப்படித்தான்: உயிரணுக்கள் அதை வேகமாக உறிஞ்சிக்கொண்டு பெருகும், டிடிசி குறையும். எனவே உற்பத்திக்கு வேறு ஊடகம் வேண்டும். அதில் 2,4-டி கிடையாது, பாஸ்பேட் மிகக் குறைவு, சர்க்கரை 50 முதல் 80 கிராம். பலர் சறுக்குவது இங்கேதான். பழைய ஊடகத்தோடு சேர்த்து உயிரணுக்களை ஊற்றிவிடுகிறார்கள். 2,4-டியும் பாஸ்பேட்டும் கூடவே வந்துவிடுகின்றன. வலையில் வடித்து, புது ஊடகத்தால் கழுவிய பிறகே மாற்ற வேண்டும்.

அடுத்தது தூண்டி, அதாவது ஆல்கலாய்டு உற்பத்தியைக் கிளப்பிவிடும் பொருள். செடியின் தற்காப்பு ஹார்மோனான மெத்தில் ஜாஸ்மோனேட் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே டிடிசி, எஸ்டிஆர் இரண்டின் மரபணுக்களும் எழும். 100 மைக்ரோமோலார் அளவு வழக்கம். 50 மில்லிலிட்டர் குடுவைக்கு அது ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர்தான். நேராக அளந்தால் பிழை வரும். எத்தனாலில் 100 மில்லிமோலார் கரைசலாக்கி, 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஒப்பீட்டுக் குடுவைக்கும் அதே அளவு வெறும் எத்தனால் சேர வேண்டும். இன்னொன்று: இது ஆவியாகும் பொருள். ஒரே ஷேக்கரில் வைத்தால் பக்கத்து ஒப்பீட்டுக் குடுவையும் தூண்டப்பட்டு, வித்தியாசமே தெரியாமல் போகும். தனி அறையில் வையுங்கள்.

ஒரு நொதியை மட்டும் உயர்த்தினால் போதும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. டிடிசி மரபணுவைக் கூடுதலாகப் புகுத்திப் பார்த்தார்கள்; டிரிப்டமைன் குவிந்தது, ஆல்கலாய்டு கூடவில்லை. 2000இல் நெதர்லாந்தின் லெய்டனில், பல நொதிகளை ஒருசேர எழுப்பும் ஓர்கா3 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைக் கண்டார்கள். அதை மிகுதியாக்கியும் ஆல்கலாய்டு வரவில்லை. வெளியிலிருந்து லோகனின் ஊட்டிய பிறகே வந்தது. ஜெரானியாலில் முதல் மாற்றம் செய்யும் ஜி10எச் நொதியை ஓர்கா3 எழுப்பவில்லை என்பதுதான் காரணம். என்னைக் கேட்டால், மரபணுவில் கை வைப்பதற்கு முன் இந்தச் சோதனையை ஒவ்வொருவரும் செய்துவிட வேண்டும்: ஒரு குடுவைக்கு டிரிப்டமைன், ஒன்றுக்கு லோகனின், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவும் இல்லை. எதில் ஆல்கலாய்டு ஏறுகிறதோ, அந்தக் கிளையில்தான் அடைப்பு.

வின்பிளாஸ்டின் உண்டாக கேதரான்தீன், விண்டோலின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் இணைய வேண்டும். குடுவையில் கேதரான்தீன் கிடைக்கிறது. விண்டோலின் கிடைப்பதில்லை. அதன் கடைசிப் படிகளில் ஒன்றான டி4எச் நொதிக்கு வெளிச்சம் வேண்டும். இறுதி நொதியான டிஏடி, இலையின் பால்குழாய்களிலும் சில தனி உயிரணுக்களிலும் மட்டுமே இருக்கிறது. உருவம் பிரியாத குடுவை உயிரணுவில் அவை உண்டாவதே இல்லை. ஜாஸ்மோனேட்டை எவ்வளவு ஊற்றினாலும் இதை மாற்ற முடியாது. இலையிலோ விண்டோலின் தாராளமாகவே இருக்கிறது. ஆகவே அதை இலையிலிருந்து எடுத்து, குடுவையில் விளைந்த கேதரான்தீனோடு வேதிமுறையில் இணைப்பதே நடக்கக்கூடிய வழி. அதற்கான இலை, தென் தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் ஏற்கெனவே விளைந்துகொண்டிருக்கிறது.