எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ சொன்ன பிள்ளை

(மன்னார்குடியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் சிறப்பாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, சட்ட உதவித் தன்னார்வலர்களே, வணக்கம்.

சம்பா அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் ஏறியிருந்த நேரம். என்னிடம் தொழிற்பயிற்சிக்கு வரும், அறிவுசார் குறைபாடுள்ள இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரு போருக்குத் தீ வைத்துவிட்டான். அவன்தான் வைத்தான், அதில் சந்தேகமில்லை. நம் பிள்ளைகள் தப்பே செய்யமாட்டார்கள் என்று பேச நான் இங்கே வரவில்லை. வைக்கோலைப் பறிகொடுத்தவரும் இரண்டு மாடுகளை வைத்துப் பிழைப்பவர்தான்.

ஆனால் இரவில் நான் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் மூன்று தீ வைப்புகளை ஒப்புக்கொண்டிருந்தான். அதில் ஒன்று நடந்த நேரத்தில் அவன் என் கண்ணெதிரே கவர் ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“நீதானே வைத்தாய்?”

“ஆமாம் சார்.”

“நீ வைக்கவில்லைதானே?”

“ஆமாம் சார்.”

எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை மூடிவிட்டார். ‘ஆமாம்’ என்றால் பெரியவர்களின் கோபம் தணியும் என்று அவன் சிறு வயதிலேயே பழகியிருந்தான். நாம்தான் அப்படிப் பழக்கினோம்.

போலீசாரிடம் சொல்லும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனாலும் அந்த ஒரு ‘ஆமாம்’ ஒருவனைச் சிறை வாசல் வரை கொண்டுபோய்விடும். அவனால் தன் தரப்பை எடுத்துச் சொல்ல முடியுமா என்று மருத்துவரை வைத்துப் பரிசோதிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை நீதிமன்ற நடுவரிடம் சொல்ல ஆள் வேண்டுமே! சிறைக்குள் வரும்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காண வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. என்னைக் கேட்டால், அந்த அடையாளம் காவல் நிலையத்திலேயே தொடங்க வேண்டும்.

“இதற்கு மாத்திரை உண்டா சார்?” என்று அவன் தாயார் கேட்டார். அறிவுசார் குறைபாடு நோயல்ல, அம்மா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே இதை மனநோயில் சேர்க்கவில்லை. கூடவே மனச்சோர்வோ வலிப்போ இருந்தால் அதற்கு மருந்து தரலாம். மற்றபடி திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுப்பதுதான் சிகிச்சை.

டீக்கடைப் பையன்கள் தினமும் அவன் துண்டைப் பிடுங்கி விளையாடியிருக்கிறார்கள். எரிந்தது அவர்களில் ஒருவன் வீட்டுப் போர். கோபம் வந்தால் காது சூடாகிறது என்று அவனே சொன்னான். அதைப் படமாக வரைந்தோம். காது சூடானால் அடிபம்புக்குப் போ, முகம் கழுவு, அம்மாவிடம் சொல். எட்டு மாதம் இதையே நடித்துப் பழகினோம். தீப்பெட்டியையும் அவன் கைக்கு எட்டாமல் வைத்தோம். இன்னொரு பாடமும் உண்டு: வேண்டுமென்றே தப்பாகக் கேட்பேன். “உன் ஊர் சென்னைதானே?” ஐந்து வாரம் ‘ஆமாம்’தான். ஆறாவது வாரம் தரையைப் பார்த்தபடியே, “இல்லை சார்” என்றான். அவன் தாயார் அழுதுவிட்டார்.

1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருக்கும் தன்னார்வலர்கள் கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். உங்கள் முகத்தை இந்தத் தாய்மார்கள் பார்த்துவைத்துக்கொள்ளட்டும்.